வீட்டை விற்க முதல் எதில் காசு போடுவது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கிளிநொச்சி நகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, அரை ஏக்கர் வளவில் எங்கள் வீடு. முன்பகுதி 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது, அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை. பின்னால் ஒரு அறையும் குசினியும் பிறகு சேர்த்தோம், அதற்கு அமானோ தகரச் சீற். சுவர்களில் அடிப்பக்கம் பெயின்ற் உரிந்து வெள்ளையாகப் பூக்கிறது. குளியலறையும் மலசலகூடமும் வெளியே. கணவர் காலமாகிவிட்டார், வீட்டை விற்றுவிட்டு வவுனியாவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கனடாவில் இருக்கும் மகன் 15 இலட்சம் அனுப்புகிறேன், மாபிள் (ரைல்ஸ்) பதித்து, ஜிப்சம் சீலிங்கும் பான்ரி கபேட்டும் போடுங்கள், வெளிநாட்டுக்காரர் இருமடங்கு விலைக்கு வாங்குவார்கள் என்கிறான். முற்றத்து மாமரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்யச் சொல்கிறான். தரகரோ, இங்கே காணிக்குத்தான் விலை, வீட்டில் ஒரு சதமும் போடாதீர்கள் என்கிறார். காணி அப்பாவுக்கு அரசு பெர்மிட்டில் (அனுமதிப்பத்திரத்தில்) கொடுத்தது, பிறகு என் பெயரில் அளிப்புப் பத்திரம் கிடைத்தது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

ரீச்சர், தரகர் சொல்வது முக்கால்வாசி சரி. மகன் சொல்வதில் காசு அனுப்புகிறேன் என்ற பகுதி மட்டும் சரி.

வன்னியில் ஒரு வீட்டின் விலையை முதலில் தீர்மானிப்பவை காணியின் பத்திரம், ஏ-9 வீதியிலிருந்து எவ்வளவு தூரம், கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா, மாரியில் வளவுக்குள் வெள்ளம் நிற்குமா என்பவைதான். உள்ளே செய்யும் வேலை அந்த விலைக்கு மேல் பெரிதாக எதையும் ஏற்றாது. ஆனால் ஒரு காரியம் செய்யும்: வாங்க வருபவர் விலையைக் குறைக்கச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடும். சுவரைப் பார்த்து “ஈரம் ஏறுது” என்பார், ஓர் இலட்சம் குறையும். மலசலகூடத்தை எட்டிப் பார்த்து முகம் சுளிப்பார், இன்னோர் இலட்சம். அவர் அப்படிக் குறைக்கும் தொகை உண்மையான திருத்தச் செலவைவிடப் பெரும்பாலும் அதிகம். உங்கள் காசை அந்த இடங்களில் போடுங்கள். கண்ணைப் பறிக்கும் வேலைகள் வாங்குபவருக்கு உரியவை, அவர் தன் விருப்பத்துக்குச் செய்துகொள்வார்.

அதற்கு முதல் பத்திரம். அளிப்புக் காணி உங்கள் பெயரில் இருப்பது நல்லது, ஆனால் அதை நினைத்தபடி விற்க முடியாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். அது இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது. 2024 இல் ‘உறுமய’ என்ற பெயரில் இப்படியான காணிகளுக்கு முழு உரிமைப் பத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். அது இப்போதும் நடக்கிறதா, உங்கள் காணி அதற்குள் வருமா என்றும் பிரதேச செயலகத்திலேயே கேளுங்கள். தெளிவான பத்திரம் இருந்தால் வங்கிக் கடன் எடுத்து வாங்குபவரும் வருவார். இல்லையென்றால் கைக்காசுக்காரர் மட்டும்தான் வருவார், அவர் விலையை அடித்துத்தான் கேட்பார். இந்த வேலை முடியும்வரை ஒரு பை சீமெந்துகூட வாங்க வேண்டாம்.

மகன் எதிர்பார்க்கும் வெளிநாட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வேற்று நாட்டுப் பிரசை இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு விலக்கு உண்டு. கனடாப் பிரசையாகிவிட்ட நம்மவர் பலர் அந்த இரட்டைப் பிரசாவுரிமையை எடுக்கவில்லை. அப்படியானால் உங்கள் வீட்டைப் பார்க்க வரப்போவது யார்? பெரும்பாலும் கிளிநொச்சியில் வேலை செய்யும் ஆசிரியர், தாதியர், வங்கி ஊழியர், நெல்லில் காசு பார்த்த ஒரு கமக்காரர். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருப்பதால், ஓர் அறையை வாடகைக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுபவரும் வரலாம். இவர்களுக்கு ஜிப்சம் பூவேலை தேவையில்லை. வெயிலில் இருக்கக்கூடிய வீடும் மழையில் ஒழுகாத கூரையும் நாறாத குளியலறையும் வேண்டும்.

இனி சுவருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் விஷயங்களில் இதுதான் பெரியது.

வெள்ளையாகப் பூப்பது உப்பு. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும்போது மண்ணிலும் மணலிலும் கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளியே வந்து தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு மிஞ்சும், பூச்சைத் தள்ளி உதிர்க்கும். மீள்குடியேற்றக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டினார்கள். மேசனும் கிடைக்கவில்லை, நல்ல மணலும் கிடைக்கவில்லை, ஐந்தரை இலட்சம் ரூபாய் மானியத்துக்குள் வீட்டை நிறுத்தவேண்டியிருந்தது. அத்திவாரத்துக்கு மேல் ஈரந்தடுப்புப் படை போடாமலே சுவர் எழுப்பிய வீடுகள் நிறைய உண்டு. உங்கள் வீடும் அப்படியாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் பெயின்ற் அடித்தால் ஒரு மாரியோடு உரியும். பலர் செய்வதுபோல் அடிச்சுவரில் மூன்றடிக்கு மாபிள் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மாபிளுக்கு மேலே ஏறிப் பூக்கும், அதைப் பார்த்தவுடனே எந்த மேசனும் கண்டுபிடித்துவிடுவார். முறையாகச் செய்வது இப்படி: முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். கூரையில் பீலி இல்லையென்றால் பீலி போட்டு, பைப்பால் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்கி விடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சீமெந்துத் தளம் போடுங்கள். சுவரோடு ஒட்டிப் பூக்கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் அவற்றைத் தள்ளி நடுங்கள், ரீச்சர். ஈரத்துக்குப் பாதிக் காரணம் சில வீடுகளில் அதுதான். பிறகு பூத்த இடத்துக்கு மேல் ஓர் அடிவரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். சுவரைத் திறந்தபடியே வெயிலில் விடுங்கள். நல்ல ஆற்று மணலில் புதுப் பூச்சுப் பூசி, நான்கு வாரம் காயவிட்டு, அதன் பிறகு பெயின்ற்.

அவசரமாக விற்க நினைப்பவருக்கு இந்தக் காத்திருப்பு எரிச்சல்தான். ஆனால் பூச்சைக் கொத்துவதை வைகாசி, ஆனியில் வைத்தால் சோளகக் காற்றும் வெயிலும் கூலி வாங்காமல் சுவரைக் காயவைத்துத் தரும். ஐப்பசிக்குப் பிறகு தொடங்கினால் தைவரை ஈரம் போகாது.

கூரை. அஸ்பெஸ்ரஸ் சீற் வெடிக்காமல் ஒழுகாமல் இருந்தால் விற்பதற்காக மாற்ற வேண்டாம். அந்தச் செலவு திரும்பி வராது. ஆனால் அதைத் துளைப்பதோ வெட்டுவதோ, பாசியைக் கம்பித் தூரிகையால் உரசுவதோ கூடாது. அந்தத் தூசியில் உள்ள நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும். வேலைக்கு வரும் பொடியன்களுக்கு இதைச் சொல்லாவிட்டால் அரைவாளை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். ஒரு சீற் மாற்றியே ஆகவேண்டுமென்றால் நனைத்து, முழுதாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள்.

ஜிப்சம் சீலிங் இந்தக் கூரைக்குக் கீழே வேண்டாம். ஒரு ஆணித் துளையில் ஒழுகினாலே மஞ்சள் வட்டம் விழும், வாங்க வருபவர் அந்த வட்டத்தை மட்டும்தான் பார்ப்பார். வெக்கை அதிகம் இருப்பது பின்னறையின் அமானோவுக்குக் கீழேதான் என்று நினைக்கிறேன். அங்கே சாதாரண பிளாஸ்டிக் பட்டிச் சீலிங் போதும். அதற்கும் சீற்றுக்கும் இடையில் உள்ள காற்று வெளியேற இரண்டு பக்கச் சுவரிலும் மேலே ஓட்டை விட்டு வலை அடியுங்கள்; ஓட்டை இல்லாத சீலிங் சூட்டை அடைத்து வைத்துக்கொள்ளும். சீற்றின் மேல் வெள்ளைக் கூரைப் பெயின்ற் அடித்தால் பகல் சூடு இன்னும் குறையும். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் நின்று கதைக்க முடிந்தால் அந்த அறை விற்றுவிட்டது.

அதனால்தான் மாமரத்தை வெட்ட வேண்டாம் என்கிறேன். காய்க்கும் மாமரத்தோடு இருக்கும் வளவை இங்கே யாரும் குறையாகச் சொன்னதில்லை. கார் வைத்திருப்பவர் தானே பார்த்து வெட்டிக்கொள்ளட்டும். கூரையைத் தொடும் கிளைகளை மட்டும் தறித்துவிடுங்கள், சருகு பீலியை அடைக்கும்.

குளியலறைக்குத்தான் மகனின் காசில் பெரிய பங்கு போகவேண்டும். பின்னறையோடு சேர்த்து உள்ளே போய்வரக்கூடிய ஒரு குளியலறையும் கொமட்டும் இருந்தால், வயது போன பெற்றோரை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று உங்கள் வீட்டை மற்ற வீடுகளுக்கு முன்னால் வைக்கும். இராத்திரி மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே போகும் கஷ்டம் உங்களுக்கே தெரியும். வெளியே உள்ளதையும் இடிக்காமல் கழுவித் திருத்தி வைத்திருங்கள், வயலால் வருபவருக்கு அது வசதி. புதுக் குழி வெட்டுவதானால் கிணற்றிலிருந்து நன்றாக விலகியிருக்க வேண்டும், எத்தனை அடி என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். உங்கள் கிணறு மட்டுமில்லை, பக்கத்து வளவுக் கிணற்றையும் அளந்து பாருங்கள். தரைக்கு வழுக்காத சொரசொரப்பு மாபிள். சுவருக்கு ஆறடி உயரம் போதும், மேலே பெயின்ற். ஒரு சின்ன யன்னல் கட்டாயம், அது இல்லாவிட்டால் எத்தனை மாபிள் பதித்தாலும் பூஞ்சண மணம் போகாது.

நம் தண்ணீரில் சுண்ணாம்புத் தன்மை அதிகமான இடங்களில் புதுப் பைப்பும் வாளியும் சில மாதத்திலேயே வெள்ளைப் படலம் பிடிக்கும். அதை எடுக்கக் கடையில் விற்கும் அசிட்டை ஊற்றினால் மாபிள் இடுக்குச் சீமெந்தையும் தின்றுவிடும். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ தடவி ஊறவைத்துத் தேய்த்தால் போதும். விற்க வைத்திருக்கும் வீட்டில் பளபளக்கும் ஒரு தண்ணீர்க் குழாய் செய்யும் வேலையை விலை உயர்ந்த கண்ணாடிக் கதவு செய்யாது.

கிணற்றையும் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் கீழே போயிருக்கும்போது இறைத்துத் துப்புரவாக்கி, தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை ஒன்றைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் இப்போது தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதோடு நிற்பதில்லை. இது வீட்டின் உள் அலங்காரமா என்று கேட்பீர்கள். இல்லைதான், ஆனால் மாபிளைவிட விலைக்கு உதவும்.

குசினியில் பான்ரி கபேட் ஆசையை மகனுக்குப் பக்குவமாகச் சொல்லித் தடுங்கள். கடையில் அழகாக நிற்பவை பெரும்பாலும் அமுக்கிய மரத்தூள் பலகை. ஈரம் பட்டால் ஊதும், கறையானுக்கோ அது பால்சோறு. அதற்குப் பதிலாகக் கொங்கிறீற் தட்டுப் போட்டு, மேலே கிறனைற் கல்லோ நல்ல மாபிளோ பதித்து, கீழே அலுமினியக் கதவு போடுங்கள். விறகடுப்பை உடைக்க வேண்டாம். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. புகை மேலே போகும் கூண்டோடு ஒழுங்கான விறகடுப்பு ஒன்று குசினியின் ஓரத்தில் இருப்பதை வீட்டுக்காரிகள் விரும்பித்தான் பார்ப்பார்கள். கரி பிடித்த சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்போ பெயின்றோ அடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

தரைக்கு முன் அறையில் மட்டும் மாபிள் பதிக்கலாம். அறைகளில் சீமெந்துத் தரை வெடிக்காமல் இருந்தால் அதைத் தேய்த்து மெருகேற்றினால் போதும். பாலைப்போல வெள்ளை மாபிளை எடுக்காதீர்கள். கிளிநொச்சிச் செம்புழுதி அதில் காலையில் கூட்டினால் மத்தியானம் தெரியும். மணல் நிறமோ லேசான சாம்பலோ நல்லது. இடுக்கே விடாமல் நெருக்கிப் பதித்தால் அழகு என்று மேசன் சொல்வார், கேட்காதீர்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இல்லாவிட்டால் வெக்கைக்கு விரியும்போது மாபிள் நடுவில் எழும்பி நிற்கும்.

கதவு, யன்னலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. முன்கதவு முதிரையோ பாலையோ தேக்கோ என்றால் தயவு செய்து அதன்மேல் பெயின்ற் அடிக்க விடாதீர்கள். பழைய பெயின்ற் இருந்தாலும் ஓடாவியைக் கூப்பிட்டுச் சுரண்டித் தேய்த்து வார்னிஷ் பூசுங்கள். இன்றைய மர விலையில் ஒரு முதிரைக் கதவையும் நிலையையும் பார்த்தவுடன் நம் ஆட்கள் கையால் தட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தட்டலுக்குப் பிறகு வீட்டின்மேல் ஒரு மரியாதை வந்துவிடும். யன்னல்களுக்கு நுளம்பு வலை அடித்த சட்டம் போடுங்கள். செலவு குறைவு, டெங்குப் பயம் உள்ள தாய்மார் முதலில் கவனிப்பது அதைத்தான்.

மின்சாரத்தில் தொங்கும் வயர்களை எல்லாம் குழாய்க்குள் போட்டு, ட்ரிப் சுவிட்ச் சரியாக விழுகிறதா என்று எலக்ட்ரீசியனைக் கொண்டு சோதித்து வையுங்கள். பெயின்ற் உள்ளே முழுக்க ஒரே வெளிர் நிறம். அறைக்கொரு நிறம் அடித்தால் வீடு சின்னதாகத் தெரியும்.

வாஸ்துவுக்காக எதையும் இடிக்க வேண்டாம். குசினி அக்கினி மூலையில் இருக்கிறதா, கிணறு ஈசானத்தில் இருக்கிறதா என்று பார்ப்பவர் பார்க்கத்தான் செய்வார். இருந்தால் விளம்பரத்தில் சொல்லுங்கள், இல்லையென்றால் பேசாமல் இருங்கள்.

என் கணக்கில் இவ்வளவும் பத்து இலட்சத்துக்குள் அடங்க வேண்டும். சாமான் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இரண்டு மேசன்மாரிடம் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள்; கூலி தனி, சாமான் தனி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். மகனிடம் முழுக் காசையும் ஒரேயடியாக அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். பீலிக்கும் வெளித்தளத்துக்கும் முதலில், அது முடிந்த பிறகு குளியலறைக்கு, கடைசியில் சுவருக்கு. கையில் காசு இருந்தால் மேசனுக்கும் உங்களுக்கும் புதுப்புது யோசனை வரும்.

விற்பனை நேரம் என்று பார்த்தால் ஆடி, ஆவணி. ஊருக்கு வருபவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கும் மடுப் பெருநாளுக்கும் வந்து நிற்கும் காலம் அது. அவர்கள் தாங்கள் வாங்காவிட்டாலும் இங்கே உள்ள தம்பிக்கோ மருமகளுக்கோ காசு கொடுப்பார்கள். ஆடியில் யாரும் உறுதி எழுத மாட்டார்கள், ஆனால் வந்து பார்ப்பார்கள், ஆவணியில் எழுதுவார்கள். ஆகவே இந்த மாரிக்குள் பிரதேச செயலகத்து வேலையை முடித்து, மாசியில் பீலியும் வெளித்தளமும், பங்குனி, சித்திரையில் குளியலறையும் குசினியும், வைகாசியில் பூச்சைக் கொத்திக் காயவிட்டு, ஆனி பிறந்தவுடன் பூசினால், ஆடி தொடங்கும்போது பெயின்ற் அடிக்கலாம்.

தரகரிடம் உங்கள் கடைசி விலையை இப்போதே சொல்லிவிடாதீர்கள். வீட்டைப் பார்க்க வருபவரைக் காலையில் கூட்டிவராமல் மத்தியானத்துக்குப் பிறகு கூட்டிவரச் சொல்லுங்கள். வெயில் நேரத்தில் உங்கள் வீடு குளிராக இருப்பதை அவரே உணரட்டும்.